பாடக்கூடாது என்றார் டாக்டர்

எங்கள் வீட்டு உப்பு ஜாடியைக் காணோம் என்று நான் புலம்பிக்கொண்டிருந்த இடத்தில் போன வாரம் உங்களை விட்டுவிட்டுப் போனேன். ஜாடி கிடைத்துவிட்டது. மகளுடைய அலமாரியில், கம்பளிச் சட்டைக்குள் சுற்றி, கைக்குழந்தையைப் படுக்க வைத்த மாதிரி பத்திரமாக இருந்தது. எடுத்த கையோடு நானே அதைத் திரும்பப் படுக்க வைத்துவிட்டேன். அவளிடம் எனக்கு அவ்வளவு பயம்.

இப்போதுதான் வந்து உட்காருகிறவர்களுக்காகக் கதையைச் சுருக்கிவிடுகிறேன். மூன்று மாதத்துக்கு முன்னால் என் மனைவிக்கு மாரடைப்பு வந்தது. ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். அன்றைக்கே என் மகள் தன் வாடகை அறையைப் பூட்டிக்கொண்டு, ஒரு பெட்டியோடும் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடும் எங்கள் வீட்டுக்குக் குடி வந்தாள். வந்ததிலிருந்து அவளுக்கு நான் வைத்திருக்கும் பெயர் இன்ஸ்பெக்டர். நோயாளி ஒருத்தி, பத்தியம் இரண்டு பேருக்கு.

என் தொழில் பல்செட் கட்டுவது. ஊரில் யார் எதைக் கடிக்க ஆசைப்பட்டாலும் வழி செய்து கொடுக்கிறவன் நான். எனக்கு மட்டும் மூன்று வேளையும் வேகவைத்த காய். பட்டறையில் வரிசையாகக் காயும் பல்செட்டுகள் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கின்றன என்று கொஞ்ச நாளாக ஒரு சந்தேகம்.

என் மனைவி இதற்கெல்லாம் கலகம் செய்வாள் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. மாத்திரையை வேளைக்குப் போட்டாள். பொரித்ததைத் தொடவில்லை. படுக்கச் சொன்ன நேரத்துக்குப் படுத்தாள். ஒரே ஒரு விஷயத்தில்தான் அவள் முகம் சுருங்கியே கிடந்தது.

பாட்டு.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் நாளில், எப்படி நடக்க வேண்டும், எவ்வளவு நடக்க வேண்டும் என்று நடைப்பயிற்சி டாக்டர் தாழ்வாரத்தில் வைத்து மகளுக்கு விளக்கியிருக்கிறார். நான் மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தேன். மனைவி சக்கர நாற்காலியில் சற்றுத் தள்ளி இருந்தாள். மகள் கொண்டுவந்த சேதி இதுதான்: "நடக்கும்போது பேசலாம், பாடக்கூடாது."

இன்ஸ்பெக்டர் அதோடு விட்டாளா? "நடக்கும்போதே கூடாதுன்னா நின்னா மட்டும் கூடுமா? பாட்டுன்னா மூச்சை இழுத்துப் பிடிக்கணும். இழுத்துப் பிடிச்சா நெஞ்சுக்குத்தானே கஷ்டம்?" என்று சட்டத்தை விரிவாக்கினாள். சமையலறையில் கூடாது, குளியலறையில் கூடாது. முணுமுணுத்தாலும் குற்றம்.

வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் பெரிய விஷயமில்லை. என் மனைவிக்குப் பாட்டு பொழுதுபோக்கு அல்ல, வேலை. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவைக்கூடத்தில் மடிப்பு மேஜைக்கு அவள்தான் தலைவி. ஒரு விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். இரண்டு பேரும் ஒரே நொடியில் இழுக்க வேண்டும், ஒரே நொடியில் நெருங்கி வர வேண்டும். அந்த நொடியை எல்லா ஜோடிக்கும் சேர்த்துச் சொல்வது என் மனைவியின் பாட்டு. அவள் தொடங்கினால்தான் மேஜை நகரும்.

இன்று அவள் வேலைக்குத் திரும்பும் நாள். வேலைக்குப் போகலாம் என்று பெரிய டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டார்.

காலையில் வழக்கம்போல மூவரும் நடக்கக் கிளம்பினோம். நடுவில் மனைவி, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர். பேசத் தடையில்லை என்பதால் மனைவி வாசலில் ஆரம்பித்த பேச்சைத் தெருமுனையிலும் முடிக்கவில்லை. பாட முடியாத ஏக்கத்தையெல்லாம் என்னைத் திட்டித் தீர்த்துக்கொள்கிறாள் என்று நினைக்கிறேன். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டி வந்த ஒரு பெரியவர் எங்களை முந்திக்கொண்டு போனார். அவர் கையில் தடி வேறு இருந்தது.

பூங்கா வளைவில் மனைவியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"அம்மா!"

"தும்மினேன்டி."

"ராகத்தோட தும்முவாங்களா?"

"எனக்கு அப்படித்தான் வரும். பிறவியிலேயே."

"அப்பா, நீங்களாவது சொல்லுங்களேன்."

நான் மேகத்தைப் பார்த்தேன். இந்த வீட்டில் நான் உயிரோடு இருப்பதற்குக் காரணமே தேவையான நேரத்தில் மேகத்தைப் பார்ப்பதுதான்.

மகள் வேலைக்குப் போனாள். ஒரு கைப்பேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில், காதில் கருவி மாட்டி, நாள் முழுக்க அடுத்தவர் கோபத்தைக் கேட்கும் உத்தியோகம். போகிறபோது, "கூடவே போங்கப்பா. முதல் நாள் பாருங்க, உள்ள விட்டுட்டு வந்துடாதீங்க" என்றாள். டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மனைவியின் பின்னால் போனேன். கல்யாணத்தன்று கூட நான் அவ்வளவு பணிவாக அவள் பின்னால் நடந்ததில்லை.

சலவைக்கூடத்துக்குள் ஆவியும் சோப்பு வாசனையும் முகத்தில் அடித்தன. பெண்கள் "அக்கா! அக்கா!" என்று ஓடி வந்தார்கள். மனைவியின் ஜோடி, நெடுநெடுவென்று வளர்ந்தவள், எல்லோரும் ஏணி என்று கூப்பிடுவார்கள். அவள் என் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதாள். கண்ணீர் மேலேயிருந்து விழுந்ததால் என் மனைவிக்குத் தலை நனைந்தது.

"அழுகையை அப்புறம் வெச்சுக்க. மேஜை எப்படி இருக்கு?"

"எங்க அக்கா? நான் இழுக்கறப்ப அவ விடறா, அவ இழுக்கறப்ப நான் விடறேன். விரிப்பை விட நாங்கதான் கசங்கிப் போறோம்."

அதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. எதற்கெடுத்தாலும் தனக்கு வேலை போய்விடும் என்று பயப்படுகிறவர், அவ்வளவுதான். ஜன்னல் ஓரத்தில் ஒரு நாற்காலியைக் காட்டினார். அதில் பூப்போட்ட மெத்தை வேறு.

"உங்களுக்காகத்தான்மா. இனிமே அடையாளச் சீட்டு தைக்கிற வேலை. உட்கார்ந்தபடியே செய்யலாம், சம்பளமும் குறையாது."

"எனக்கு மேஜை இருக்கே."

"உங்க பொண்ணு போன் பண்ணுச்சும்மா. நீங்க பாடக்கூடாதாமே. பாடாம அந்த மேஜையில என்ன பண்ணுவீங்க?" அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க இடத்துல ஒரு புதுப் பொண்ணைப் போட்டிருக்கேன். அவளை நிரந்தரமாக்கணும்னா இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள முதலாளிக்குச் சொல்லணும். பாடறதுக்கு உடம்பு இடம் கொடுக்குமா கொடுக்காதான்னு அதுக்குள்ள சொல்லுங்க. இல்லேன்னா இந்த நாற்காலி."

என் மனைவி நாற்காலியைப் பார்த்தாள். மெத்தையை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தாள். அவள் மூக்கு விடைப்பதை நான் கவனித்தேன். அது விடைத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் கல்யாணமே அப்படித்தான் நடந்தது.

"உப்பைக் குறைன்னாங்க, குறைச்சேன். எண்ணெயைக் குறைன்னாங்க, குறைச்சேன். நடன்னாங்க, நடக்கிறேன். தூங்குன்னாங்க, பக்கத்துல இந்த மனுஷன் குறட்டை விடறப்பவும் தூங்கறேன். இவ்வளவும் எதுக்குப் பண்ணினேன்? இந்த மேஜைக்கு வர்றதுக்குத்தான். இப்ப வந்து வாயை மூடிக்கிட்டு மூலையில உட்காருன்னா, முடியாது!"

"அம்மா, இங்க ஏதாவது ஆயிட்டா நான்தான்..." என்று சூப்பர்வைசர் பின்னாலேயே வந்தார்.

அவள் கேட்கவில்லை. நேராக மேஜைக்குப் போய்ப் புதுப் பெண்ணைக் கண்ணாலேயே நகர்த்திவிட்டு, ஒரு விரிப்பின் இரண்டு மூலைகளையும் பிடித்தாள். எதிரில் ஏணி. அவள் தன் பக்கத்து மூலைகளைத் தொடவில்லை.

"அக்கா, வேண்டாம்க்கா."

"புடிடி."

என் வாயில் இருப்பவை சொந்தப் பற்கள்தான். அவையே ஆட ஆரம்பித்தன. போய்த் தடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் மூன்று மாதமாகச் சுருங்கிக் கிடந்த அந்த முகம் விரிவதைப் பார்த்ததும், டிபன் டப்பாவைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

"மூலையப் புடி, மூலையப் புடி,
மூச்சு விடாம இழுத்துப் புடி,
பாதியா மடி, பாதியா மடி,
பக்கம் வந்து திரும்ப மடி!"

சாகித்தியம் அவளுடையதுதான். குறை சொல்கிறவர்கள் நேரில் வந்து அவளிடமே சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டு முறை பாடுவதற்குள் சூப்பர்வைசர் என் மகளுக்குப் போன் போட்டுவிட்டார். அவள் டாக்ஸியில் வந்து இறங்கினாள். காதுக் கருவி கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவருடைய புகாரைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள், பாவம்.

"சாகணுமா உனக்கு? சொல்லு, சாகணுமா?"

"கத்தாதே. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்! ஒவ்வொரு ராத்திரியும் உன் மூக்குக்கு நேரா விரலை வெச்சுப் பார்த்துட்டுத்தான் நான் தூங்கறேன். தெரியுமா உனக்கு?"

"தெரியும். நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பேன். நீ பயப்படுவேன்னு மூச்சைக் கொஞ்சம் பலமா விடுவேன்." மனைவி விரிப்பை மேஜைமேல் வைத்தாள். "உனக்கு அம்மா வேணுமா, மூச்சு விடற பொம்மை வேணுமா? முதல்ல அதைச் சொல்லு."

மகள் வாசலில் காத்திருந்த டாக்ஸியைக் கையால் காட்டினாள். "ஆஸ்பத்திரி. இப்பவே. அவங்க வாயாலயே கேளு."

"வா. நானும் அதைத்தான் கேட்கணும்" என்று மனைவி முதலில் ஏறி உட்கார்ந்தாள்.

நடைப்பயிற்சி டாக்டர் சின்ன வயதுப் பெண். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஓடுபொறிகளில் சில பேர் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தார்கள். எங்கேயும் போய்ச் சேராமல் இவ்வளவு மும்முரமாக நடக்கிறவர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மகள் வழக்கைச் சொன்னாள். வேலையில் பழகியவள் இல்லையா, நாள், இடம், குற்றம் என்று ஒழுங்காகச் சொன்னாள். கேட்டுக்கொண்டே வந்த டாக்டர் பெண், "பாடக்கூடாதா? யார் சொன்னா?" என்றார்.

"நீங்கதான். நடக்கும்போது பேசலாம், பாடக்கூடாதுன்னு."

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்துக் கைக்குட்டையைத் தேடினேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் அப்படிச் சொல்லலைங்க. 'பேச முடியணும், பாட முடியக்கூடாது'ன்னு சொன்னேன். அது தடை இல்ல, அளவு. நடக்கிறப்போ பேச்சு வரணும். ஆனா பாட்டு பாடற அளவுக்கு மூச்சு மிச்சம் இருக்கக்கூடாது. இருந்தா நீங்க போதுமான வேகத்துல நடக்கலைன்னு அர்த்தம். நடந்து முடிச்சுட்டு எவ்வளவு வேணும்னாலும் பாடலாம்."



எங்கள் வீட்டில் உப்பு குறைந்தது, எண்ணெய் குறைந்தது, என் தொப்பை குறைந்தது. அந்த அமளியில் ஒரு 'முடிய'வும் குறைந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை.

"அப்ப நாங்க நடந்தது?" என்று மனைவி கேட்டாள்.

"நடக்கும்போது பாட்டு வந்துச்சா?"

"தினமும் வந்துச்சு. இவதான் அமுக்கிட்டா."

"அப்ப நீங்க நடக்கலைம்மா. உலாத்தியிருக்கீங்க. வாங்க, வேகம் எப்படி இருக்கணும்னு காட்டறேன். நெஞ்சு இறுக்கமா இருந்தாலோ தலை சுத்தினாலோ உடனே நிறுத்திச் சொல்லணும், சரியா?"

மனைவி எழுந்தாள். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு நான் அழுதுக்கிட்டிருந்தேம்மா. பாதிதான் காதுல விழுந்துச்சு."

"அழுததை மன்னிச்சுட்டேன்" என்றாள் மனைவி. "மூணு மாசம் என் வாயைக் கட்டினதை மன்னிக்க மாட்டேன். அதுக்கு நாளெடுக்கும்." சொல்லிக்கொண்டே மகளின் கழுத்தில் முறுக்கிக்கொண்டிருந்த காதுக் கருவியின் ஒயரை நேராக்கிவிட்டு உள்ளே போனாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் ஓடுபொறியில் ஏறினாள். உதவிக்கு ஓர் ஆளை அவள் பக்கத்தில் நிறுத்திவிட்டு, டாக்டர் பெண் எங்களிடம் திரும்பி வந்தார். மகள் நெற்றிப் பொட்டை அமுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"தலைவலியா?"

"எப்பவும் இருக்கறதுதான்."

"உட்காருங்க. கையை நீட்டுங்க."

"எனக்கு எதுக்கு? பேஷன்ட் அவங்க."

"நீட்டுங்களேன்."

ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை இறுகித் தளர்ந்தது. டாக்டர் பெண் எண்ணைப் பார்த்தார். "பதற்றத்துல ஏறியிருக்கும். கொஞ்ச நேரம் பேசாம உட்காருங்க, மறுபடி பாக்கலாம்" என்றார். மறுபடி பார்த்தார். இந்த முறை அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ராத்திரி எவ்வளவு நேரம் தூங்கறீங்க?"

"அம்மா தூங்கினப்புறம்."

"சாப்பாடு?"

"மேஜையிலயே... ஏதாவது."

'ஏதாவது' என்பது என்னவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கருவிக்கு இடம் செய்ய அவள் பையை என் மடியில் வைத்திருந்தேன். வாய் திறந்த பைக்குள் வறுவல் பொட்டலங்களின் வெற்று உறைகள் அடுக்கடுக்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன. எங்கள் தட்டிலிருந்து பிடுங்கிய உப்பு எங்கே போயிற்று என்று இனி நான் தேட வேண்டியதில்லை.

"ஒரு நாள் பார்த்து எதையும் முடிவு பண்ண முடியாது" என்றார் டாக்டர் பெண். "வீட்டுல கருவி இருக்குல்ல? ஒரு வாரம் காலையிலயும் சாயந்திரமும் பாருங்க. ஆனா இன்னிக்கே டாக்டர்கிட்ட நேரம் கேட்டு வெச்சுடுங்க. தள்ளிப் போடாதீங்க."

அவர் நகர்ந்ததும் மகள் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பாடினது அவங்க, பிரஷர் ஏறினது எனக்கு. அவ்வளவுதான் விஷயம். அம்மாகிட்ட சொல்லிடாதீங்கப்பா."

"டாக்டர்கிட்ட நேரம்?"

"எனக்கு ஒண்ணுமில்ல. இவங்க எல்லாருக்கும் இதையேதான் சொல்வாங்க."

"இதேதான் உங்கம்மாவும் சொன்னா. அன்னிக்கு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு மாடிப்படியில உட்கார்றதுக்கு முன்னாடி."

"நான் எங்கம்மா இல்ல" என்றாள். மூக்கு விடைத்திருந்தது.

சாயந்திரத்துக்கு முன்னால் சலவைக்கூடத்துக்குத் திரும்பினோம். சூப்பர்வைசர் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். என் மனைவி வாயைத் திறப்பதற்குள் மகள் முன்னால் போனாள்.

"சார், தப்பு என்னுது. டாக்டர் சொன்னதை நான் தப்பாக் கேட்டு உங்களுக்குத் தப்பாச் சொல்லிட்டேன். எங்கம்மா பாடலாம். வேணும்னா அந்த டாக்டரையே கூப்பிட்டுக் கேளுங்க, இந்தாங்க போன்."

அடுத்தவர் புகாரைக் கேட்டே காலம் தள்ளுகிறவள், தன்மேலேயே ஒரு புகாரைப் பதிந்தாள். சொல்லி முடித்ததும் அவளுக்கு லேசாக மூச்சு வாங்கியது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

சூப்பர்வைசர் போனில் கேட்டார். ஆம் ஆம் என்று தலையாட்டினார். "சரிம்மா. மேஜை உங்களுது. அந்தப் பொண்ணுக்கு வேற இடம் பாக்கறேன். ஆனா நடுநடுவுல நீங்க உட்காரணும், நான் சொல்லும்போது..."

"நீங்க சொல்லும்போது இல்ல. மூச்சு வாங்கினா நானே நிப்பேன். நெஞ்சு சரியில்லேன்னா நானே உட்காருவேன். என் உடம்பு எனக்குச் சொல்லும், எனக்குத்தான் முதல்ல சொல்லும்."

இஸ்திரி உருளையிலிருந்து சூடான விரிப்புகள் வந்து விழுந்தன. மனைவி இரண்டு மூலைகளைப் பிடித்தாள், எதிரில் ஏணி பிடித்தாள். மற்ற ஜோடிகளும் பிடித்தன. அவள் தொடங்கினாள். முதல் வரி கூரைக்குப் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது பாதியில் இறங்கியது. நான்காவது வரவே இல்லை.

மேஜை முழுக்க நின்றுவிட்டது. சூப்பர்வைசர் ஓர் அடி எடுத்து வைத்தார். மகள் என் தோளைப் பிடித்தாள்.

மனைவி ஓர் உள்ளங்கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினாள். நிதானமாக மூச்சை இழுத்தாள், விட்டாள், இன்னொரு முறை இழுத்தாள். அவள் பழைய ஆள் இல்லை. அது எனக்குத் தெரிந்தது, மேஜைக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. தலையைத் தூக்கி எல்லோரையும் முறைத்தாள்.

"என்னடி வேடிக்கை பாக்கறீங்க? எனக்கு மூணு வரிக்குத்தான் மூச்சு. நாலாவது வரி உங்க வாயில இல்லையா?"

ஏணிதான் முதலில் வாயைத் திறந்தாள். அப்புறம் எல்லோரும். புதுப் பெண் கூட. அபஸ்வரம் என்றால் அப்படியோர் அபஸ்வரம். ஆனால் விரிப்புகள் அத்தனையும் ஒரே நொடியில் மடிந்தன.

என் காதருகே மகள், "அப்பா, சொல்ல மாட்டீங்கல்ல?" என்றாள்.

மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மனைவி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, உங்க முகம் ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு? நான்தான் நல்லா இருக்கேனே?"

நான் மேகத்தைத் தேடினேன். கூரைக்குக் கீழே மேகம் ஏது? ஆவிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

மகள் என் கையை அழுத்தினாள். மனைவிக்கு இருந்த 'பாடக்கூடாது' இன்றோடு போயிற்று. அது போன சூடு ஆறுவதற்குள் எனக்கு ஒரு 'சொல்லக்கூடாது'. இந்த வீட்டில் இத்தனை வருடமாக யார் என்ன சட்டம் போட்டாலும் தலையாட்டிக்கொண்டு இருந்தவன் நான். ஆட்டி ஆட்டிக் கழுத்து பழகிவிட்டது.

அவள் விரல்களை ஒவ்வொன்றாக என் கையிலிருந்து பிரித்தேன். "அப்பா!" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிடக் கூப்பிட, மேஜையை நோக்கி நடந்தேன்.